எருக்கம்புழுப் பாடம்

சுருளிப்பட்டி ஹேமாவதி காபிக்குச் சீனி போடுவதை நிறுத்தியது வைத்தியர் சொல்லி அல்ல. ஒரு ஆள் தன் கையால், நாலு பேர் பார்க்க, புழு பொறுக்க வேண்டும். பொறுக்குவதை அவள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அதுவரைக்கும் தன் நாக்கில் இனிப்புப் படக் கூடாது என்று அவளே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு அது. மூன்று மாதத்தில் அந்த வீட்டுச் சீனி டப்பாவை எறும்புகளே மறந்துவிட்டன. ஒரே ஒரு எறும்பு மட்டும் பழக்கதோஷத்தில் வந்து, மூடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டியபடி திரும்பிப் போனதை அவள் கண்ணால் கண்டிருக்கிறாள்.

அந்த ஆள் சண்முகராஜ். சின்னமனூர் ரோட்டில் மூன்று மாடிப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குத் தாளாளர். அது போக சுருளிப்பட்டியில் மூன்று ஏக்கர் திராட்சைத் தோட்டம். பள்ளிக்கூடத்தின் பெயர் இங்கே எதற்கு, பள்ளத்தாக்கில் ஓடுகிற பாதி வேன்களின் முதுகில் அதுதான் எழுதியிருக்கிறது. அவர் குரலுக்கு மைக் தேவைப்பட்டதில்லை. காலை வழிபாட்டில் அவர் 'அமைதி' என்று சொன்னால், அந்தச் சத்தத்தில் முதல் வரிசைப் பிள்ளைகளுக்குத் தலைவகிடு இடமிருந்து வலத்துக்கு மாறிவிடும்.

நடந்தது இதுதான். பள்ளியில் அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். மற்ற பிள்ளைகள் தேனிக் கடைகளில் வாங்கிய தெர்மோகோல் எரிமலையும், பேட்டரி போட்டுச் சுழலும் சூரியக் குடும்பமும் கொண்டுவந்தார்கள். மூன்றாம் வகுப்பு வேல்விழி, ஹேமாவதியின் மூத்தவள், ஒரு செருப்பு டப்பாவில் எருக்கிலையும் அதை மென்றுகொண்டிருந்த பதினோரு புழுவும் கொண்டுவந்தாள். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் என்று வளையம் வளையமாகச் சட்டை போட்ட புழுக்கள். 'இவை பட்டாம்பூச்சி ஆகும்' என்று ஒரு அட்டையில் எழுதி வைத்திருந்தாள். பெற்றோர்களை அழைத்துக்கொண்டு வந்த சண்முகராஜ் டப்பாவைத் திறந்தார். திறந்த வேகத்தில் பின்னால் குதித்தார். குதித்த இடத்தில் எரிமலை இருந்தது. எரிமலை அணைந்தது.

நாலு பேர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பை யார் தலையிலாவது இறக்கி வைக்க வேண்டுமே. டப்பாவை ஜன்னல் வழியாக வீசிவிட்டு, வேல்விழியைப் பார்த்து, "நீ புழுப் பொறுக்கத்தான் லாயக்கு" என்றார். அவர் குரலில் அது உத்தமபாளையம் வரைக்கும் கேட்டது. மறுநாளிலிருந்து அவளுக்குப் புழு என்றே பெயர். ஒரு வாரத்தில் இளையவன், ஒன்றாம் வகுப்பு முத்துராஜா, 'புழுவோட தம்பி' ஆனான். வேல்விழி வாயை மூடினாள். பள்ளியில் மூடிய வாயை வீட்டுக்கு வந்தும் திறக்கவில்லை.

ஹேமாவதி போய்க் கேட்டாள். தாளாளர் நாற்காலியில் சாய்ந்தபடி, "நாலு பேரு சிரிச்சாத்தாம்மா நாலு எழுத்து ஏறும்" என்றார். இரண்டு பிள்ளைகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு அன்றைக்கே பஸ் ஏறிவிட்டாள்.

அவள் புருஷன் சுரேஷ்கண்ணனுக்குத் தேனியில் மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை. சாந்தமான மனிதர். சாயங்காலம் வந்தவர் பிள்ளைகளின் பை மூலையில் கிடப்பதைப் பார்த்தார்.

"இனி வீட்லயே பாடமா?"

"ஆமா. ஏட்டுப் படிப்பு இல்ல. மண்ணு, விதை, காத்து, தண்ணினு எல்லாத்தையும் கையால தொட்டுப் படிக்கிற பாடம்."

"சரி. சண்முகராஜ் சாரை அப்படியே விட்ரலாம்ல?"

"அவரு பாடத்துலயே வருவாரு."

சுரேஷ்கண்ணன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, குளிக்கப் போனார். ஹேமாவதி பி.காம். படித்தவள். செடிகொடி பற்றி அவளுக்குத் தெரிந்தது கறிவேப்பிலையோடு முடிந்தது. ஆனால் கறுவம் வைக்க பி.காம். போதும்.

முதல் பாடம் மண். வாய்க்கால் ஓரத்துக் களிமண்ணைப் பிள்ளைகள் மிதித்துப் பிசைந்தார்கள். எந்த மண் உருட்டினால் நிற்கும், எது உதிரும் என்று முத்துராஜா ஏழு உருண்டை பிடித்துக் காயவைத்துப் பார்த்தான். நின்ற மண்ணை எடுத்து ஹேமாவதி ஒரு தலை செய்யச் சொன்னாள். மூக்கு, காது, அகலமான வாய், வழுக்கை. வழுக்கையில் கேப்பையைத் தூவித் தினம் தண்ணீர் தெளித்தால் முடி முளைக்கும். முளைப்பதைத் தினம் அளந்து நோட்டில் எழுத வேண்டும். மூன்றாம் நாள் வழுக்கை மறைந்தது. எட்டாம் நாள் சண்முகராஜுக்கு அவர் கல்யாணத்தில்கூட இல்லாத கிராப்பு வந்துவிட்டது. அந்தத் தலையை ரோட்டைப் பார்த்துச் சுவர்மேல் வைத்தாள். பள்ளி வேன் அந்த வழியாகத்தான் போகும். பார்க்கட்டும், சிரிக்கட்டும் என்பது அவள் கணக்கு.

காலையில் எழுந்து பார்த்தால் தலையின் நெற்றியில் விபூதி இருந்தது. கீழே இரண்டு வாழைப்பழம், ஒரு முழம் கனகாம்பரம். சுருளி அருவித் தீர்த்தத்துக்குப் போகிறவர்கள் யாரோ புதுச் சாமி என்று நினைத்துவிட்டார்கள். அடுத்த நாள் ஒரு அம்மா கைக்குழந்தைக்கு மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டு போனாள். தன் பகையாளிக்குத் தன் வீட்டுச் சுவரிலேயே பூசை நடப்பதைப் பார்த்து ஹேமாவதிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நல்லவேளையாக அடுத்த வீட்டு மூக்கம்மாளின் வெள்ளாடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து சாமியின் முடியை மேய்ந்துவிட்டு, சாமியையும் தள்ளி உடைத்தது.

மூக்கம்மாள் ஓடிவந்தாள். "ஏத்தா ஹேமா, சாமி குத்தமாயிருச்சே. என்ன பரிகாரம் செய்ய?"

"ஒண்ணும் வேணாங்கா. ஆட்டுக்குக் கொஞ்சம் பொட்டுக்கடல தாரேன், குடுங்க."

இரண்டாவது பாடம் விதை எப்படி ஊர்சுற்றுகிறது என்பது. பிள்ளைகள் அப்பாவின் பழைய சாக்ஸை முழங்கால் வரைக்கும் மாட்டிக்கொண்டு தரிசுக்காட்டில் நடந்தார்கள். திரும்பி வந்து, ஒட்டிய விதைகளைப் பிய்த்து வகை வகையாகப் பிரித்தார்கள். முத்துராஜாவின் ஒரு காலில் மட்டும் பதினான்கு வகை. மறுநாள் அந்தச் சாக்ஸை ஈரமாக்கி மண்ணில் படுக்கவைத்தார்கள். ஒரு வாரத்தில் சாக்ஸில் புல் முளைத்தது. நல்ல பாடம். ஆனால் அம்மாவின் கண் நெருஞ்சிமுள் குவித்து வைத்திருந்த தட்டின்மேலேயே இருந்தது. சண்முகராஜ் தினம் காலையில் தோட்டத்துக்கு வெறுங்காலோடு நடப்பார். சர்க்கரைக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்தப் பாதையில் ஒரு படி நெருஞ்சியைத் தூவிவிட்டு வந்தாள்.

அன்றைக்குப் பார்த்துச் சண்முகராஜ் காரில் போனார். அந்தப் பாதையில் குறுக்கே வந்தது சுரேஷ்கண்ணனின் மொபெட். இரண்டு டயரும் போயின. நெருஞ்சி பொதுவாக உள்ளங்காலில்தான் குத்தும் என்பார்கள். சுரேஷ்கண்ணன் விழுந்த தோரணையில் அந்த விதி அன்றைக்குச் செல்லவில்லை. மூன்று நாள் கடையில் நின்றுகொண்டே காயில் கட்டினார்.

"பாடம் எப்படிப் போகுது?" என்று நான்காம் நாள் கேட்டார்.

"விதை பரவுதல் முடிஞ்சிருச்சு."

"தெரியும்" என்றார்.

இதற்கு நடுவே ஹேமாவதி கவனிக்காத ஒன்று நடந்தது. வேல்விழி பேச ஆரம்பித்திருந்தாள். முதலில் தம்பியிடம், பிறகு மூக்கம்மாளின் ஆட்டிடம், அப்புறம் எல்லோரிடமும். பழைய கொசுவலையைக் கூடையில் கட்டி மறுபடியும் எருக்கம்புழு வளர்த்தாள். பஸ் ஸ்டாப் பக்கத்தில் ரோட்டோரமாக வரிசையாக எருக்கு நிற்கும். இலைக்கு அடியில் குண்டூசித் தலை அளவுக்கு வெள்ளை முட்டை இருப்பதைத் தம்பிக்குக் காட்டிக் கொடுத்தாள். எந்தப் புழு எத்தனை இலை தின்றது, எத்தனை முறை சட்டை உரித்தது என்று நோட்டில் கோடு கோடாகப் போட்டாள்.

ஹேமாவதி கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு புழு ஒரு முழு இலையை நரம்போடு தின்று முடித்துவிட்டு அடுத்ததற்கு வாயை வைத்தது. அந்த வாயைப் பார்த்ததும் அவளுக்கு மூன்று ஏக்கர் திராட்சைத் தோட்டம் ஞாபகம் வந்தது. பந்தல் முழுக்கக் கொழுந்து. புழுவைக் கேவலமாகப் பேசியவனைப் புழுவே அழிக்கட்டும். அழிந்த தோட்டத்தைக் காப்பாற்ற அந்த ஆள் குனிந்து, கொடி கொடியாக, தன் கையால் புழு பொறுக்கட்டும். ரோட்டில் போகிற நாலு பேர் பார்க்கட்டும்.

"இன்னும் எத்தன சேக்கலாம் பாப்பா?"

வேல்விழிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மா முதல்முறையாகப் புழுவைப் பற்றிக் கேட்கிறாள். மூன்று பேரும் வாய்க்கால் கரை, மயானக் கரை, பஸ் ஸ்டாப் என்று ஒரு எருக்கு விடாமல் சுற்றினார்கள். முத்துராஜா நூறுக்குமேல் எண்ணக் கற்றுக்கொண்டது அப்படித்தான். முந்நூற்றுப் பன்னிரண்டு. வீட்டில் பேச்சு நின்றால் மெல்லுகிற சத்தம் கேட்டது. முத்துராஜா அதைத் தூறல் என்று நினைத்து ஒருநாள் கொடியில் கிடந்த துணியை எடுத்துவிட்டான்.

ஹேமாவதி அவசரப்படவில்லை. நல்லாக் கொழுக்கட்டும், கொழுத்தால்தான் நன்றாக மேயும் என்று காத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தோட்டக் காவல் சின்னச்சாமி பம்ப்செட் நிழலில் குறட்டை விடும் நேரம் பார்த்து, நாலு டிபன் பாக்ஸோடு போனாள். பந்தல் காலுக்கு ஒரு கை என்று பரப்பிவிட்டு வந்தாள்.

வேல்விழி வெறும் கூடையோடு நின்றாள். "எங்கனம்மா விட்ட?"

"நம்ம சண்முகராஜ் சார் திராட்சைத் தோட்டத்துல. நல்லாத் தின்னட்டும்."

"எருக்கம்புழு திராட்ச திங்காதும்மா."

"புழுதான. பசிச்சாத் திங்கும்."

"உனக்குப் பசிச்சா நீ வைக்கோல் திம்பியா?"

வேல்விழி விரலை மடக்கிச் சொன்னாள். "எலுமிச்சம்புழு எலுமிச்ச மட்டும்தான் திங்கும். முருங்கைக்குக் கம்பளிப்பூச்சி. திராட்சைக்கு வாலுல கொம்பு வெச்ச புழு வேற இருக்கு. நீ எல்லாத்தையும் புழுனு ஒரே பேரு சொன்னா அதுக்கு என்னம்மா தெரியும்? அது பேரா திங்குது?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "கொழுத்ததத்தான விட்ட? அது சாகாது. கொழுத்தது இனிமே எதையும் திங்காது. தொங்குறதுக்குத்தான் எடம் தேடும்" என்று சொல்லிவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவள் சொன்னபடியே ஒரு இலைகூடக் குறையவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டும் பந்தல் கம்பிகளில் ஏறித் தலைகீழாகத் தொங்கிப் பச்சைக் கூடுகளாகிவிட்டன. சின்னச்சாமி அதை வெளியூர் ரகத் திராட்சை என்று நினைத்து இரண்டு நாள் தனியாகத் தண்ணீர் காட்டினார். ஒன்பதாம் நாள் காலை, வெயில் ஏறியதும் கூடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. ஆரஞ்சு நிறத்தில் முந்நூற்றுச் சொச்சம் பட்டாம்பூச்சிகள் சிறகைக் காயவைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் அடித்தபோது பந்தல் ஒரு சாண் மேலே எழும்பியது என்று சின்னச்சாமி சுருளி வேலப்பர் மேல் ஆணையாகச் சொல்கிறார். அவர் ஆளே கொஞ்சம் குள்ளம். அரைச் சாண் என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

அருவிக்குப் போகிற வண்டிகளெல்லாம் நின்றன. வீடியோ போனது. கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஆள் வந்தது. குமுளிப் பக்கத்திலிருந்து மலையாளிகள் குடும்பத்தோடு வந்து "எந்து பங்கி" என்று அழகை மெச்சிவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் தோட்டத்து வாசலில் ஒரு பிளெக்ஸ் முளைத்தது. சண்முகராஜ் கைகூப்பி நிற்கும் படம். கீழே, 'எங்கள் பள்ளியின் இயற்கைவழிக் கல்விக் கூடம். பட்டாம்பூச்சிகளை வளர்த்தவர்கள் எங்கள் மாணவச் செல்வங்கள்.'

ஹேமாவதி அதைப் பஸ்ஸிலிருந்து பார்த்தாள். அடுத்த ஸ்டாப் வரைக்கும் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் இறங்கியபிறகு கண்டக்டர் அந்தக் கம்பியைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார்.

"எம்புள்ள வளத்தது. எம்புள்ள வளத்ததுக்கு அந்தாளு கும்புடு போட்டு நிக்கிறான்" என்றாள் மூக்கம்மாளிடம்.

"நீதான ஆத்தா கொண்டுபோய் விட்ட?"

"அதாங்கா இன்னும் எரியுது."

ஆனால் பட்டாம்பூச்சிக்கு பிளெக்ஸ் படிக்கத் தெரியாது. திராட்சைத் தோட்டத்தில் முட்டை வைக்க எருக்கு இல்லை. நான்கே நாளில் எல்லாம் பறந்து போய்விட்டன. பிளெக்ஸ் நின்றது. அதோடு ஒரு கடிதமும் வந்தது: வீடியோவைப் பார்த்த கல்வி அதிகாரி ஒருவர் ஒரு மாதத்தில் நேரில் வந்து பார்ப்பதாக. சண்முகராஜ் ஆசிரியர்களைக் கூட்டி ஆளுக்கு ஐம்பது புழு கொண்டுவரச் சொன்னார். அவர்களுக்கும் புழுவென்றால் புழுதான். முருங்கை மரத்திலிருந்து கம்பளிப்பூச்சியை வாரிக் கொண்டுவந்தார்கள். அதற்கடுத்த ஒரு வாரம் அந்தப் பள்ளியில் எந்த ஆசிரியரும் இரண்டு கையாலும் பாடம் நடத்தவில்லை. ஒரு கை எப்போதும் சொறிந்துகொண்டிருந்தது.

கடைசியில் சின்னச்சாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார். "அய்யா, ஒரு ஞாயித்துக்கிழம அந்த ஹேமாவதிப் பிள்ள நாலு டிபன் பாக்ஸோட பந்தலுக்குள்ள போனுச்சு. நான் தூக்கத்துல பாத்தேன். கனவுனு நெனச்சுட்டேன்."

மறுநாள் காலை ஹேமாவதி வீட்டு வாசலில் கார் நின்றது. சண்முகராஜ் இறங்கினார். குரலைப் பாதியாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"நல்லா இருக்கியாம்மா? பிள்ளைக ரெண்டும் எப்படிப் படிக்கிறாக?"

"படிக்கிறாக. உக்காருங்க சார். காபி குடிக்கிறீகளா? சீனி கெடையாது."

"அதுவும் நல்லதுதான்." உட்கார்ந்தார். "நடந்ததெல்லாம் நடந்துபோச்சு. பிள்ளைகளைத் திரும்ப அனுப்பு, நான் சேத்துக்கிறேன். அந்தப் பட்டாம்பூச்சி விஷயமா ஒரு சின்ன உதவி. ஒரு நானூறு… அது…"

"எது சார்?"

"அதான்மா. அந்த இது."

"பேரு சொல்லுங்க சார். பேரு சொன்னாத்தான எடுத்துத் தர முடியும்?"

சண்முகராஜ் காபியைப் பார்த்தார். "புழு" என்றார்.

மூன்று மாதமாக அவள் காதில் கிடந்த முள் லேசாக அசைந்தது. ஆனால் விழவில்லை. அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"தரலாம். பஸ் ஸ்டாப்புல எருக்கு நிக்கிது. நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க. டீக்கடையில கூட்டம் இருக்கும், அருவி பஸ்ஸு நிக்கும். நீங்களே உங்க கையால பொறுக்கணும். இடுக்கி, கரண்டி, கையுறை, சின்னச்சாமி, எதுவும் ஆகாது."

"இது என்னம்மா, சின்னப்பிள்ளைத்தனமா…"

"சின்னப்பிள்ள பாடம்தான சார். கையால செஞ்சு படிக்கிறது."

பத்து மணிக்கு ஊரே பஸ் ஸ்டாப்பில் இருந்தது. யாரிடமும் அவள் சொல்லவில்லை. மூக்கம்மாளிடம் மட்டும்தான் சொன்னாள், அது போதும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்முகராஜ் எருக்கின் முன்னால் நின்றார். வேல்விழி நோட்டும் கூடையுமாகப் பக்கத்தில் நின்றாள். பெரிய புழுவைப் பார்த்து அவர் கை பின்வாங்கியது. நெல் அளவு இருந்த ஒரு குட்டிப் புழுவைத் தேர்ந்தெடுத்து இரண்டு விரலால் எடுத்தார். அது அவர் உள்ளங்கையில் பச்சையாக ஒரு பொட்டு வைத்தது. டீக்கடையில் சிரிப்பு எழுந்தது. ஹேமாவதி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இந்த ஒரு நொடிக்காகத்தான் மூன்று மாதம்.

அந்த நொடி நிற்கவில்லை. யாரோ செல்போனைத் தூக்கிப் படம் எடுக்க, சண்முகராஜ் அதைப் பார்த்துவிட்டார். முகம் மாறியது. பைக்குள் மடித்து வைத்திருந்த குரலை எடுத்து உதறினார்.

"அன்பார்ந்த பெற்றோர்களே. இயற்கைக்கு மிஞ்சிய ஆசான் இல்லை. ஒரு தாளாளர் என்றும் பாராமல் இன்று நானே மண்ணில் இறங்கியிருக்கிறேன். இதோ நிற்கிறாளே இந்தக் குழந்தை, இவள்தான் இன்றைக்கு எனக்கு டீச்சர். டீச்சர் சொன்னால் சண்முகராஜ் கேட்பான்."

டீக்கடைக்காரர் முதலில் கைதட்டினார். பிறகு அருவி பஸ் முழுக்கத் தட்டியது. ஒரு அம்மா, "என்ன எளிமையான மனுசரு, பாரேன்" என்றாள். அவர் இன்னும் ஒரு புழு எடுத்தார், கேமராவுக்குக் காட்டினார், சிரித்தார். பத்து, இருபது, நாற்பது என்று பொறுக்கினார். யாரோ ஒருவர் இளைப்பாற டீயும் கொடுத்தார்.

ஹேமாவதி கேட்டது கிடைத்துவிட்டது. அவர் கை, அவர் புழு, நாலு பேருக்கு நாற்பது பேர். ஆனால் அந்த ஆள் பொறுக்கப் பொறுக்க உயர்ந்துகொண்டே போனார். மூக்கம்மாள் அவள் கையிலும் ஒரு டீயைத் திணித்தாள். சீனி போட்ட டீ. அவள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே ஊற்றினாள்.

வேல்விழி கூடைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். "சார்" என்றாள். அந்தப் பள்ளியை விட்டு வந்தபிறகு அவரிடம் அவள் பேசும் முதல் வார்த்தை அதுதான். "எல்லாமே குட்டியா எடுத்திருக்கீக. இதத் திராட்சையில விட்டா பட்டினி கெடந்து செத்துரும்."

"அப்படியா பாப்பா? என்ன போடணும்?"

"எருக்கு மட்டும்தான் திங்கும். தினம் எலை பறிச்சுப் போட்டாலும் பட்டாம்பூச்சி ஆனதும் மறுபடி பறந்து போயிரும். அங்கன எருக்குச் செடியே இருந்தாத்தான் முட்ட வெக்கும், நிக்கும்." அவள் நோட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டாள். "தோட்டத்தச் சுத்தி ரெண்டு வரிசை நடணும் சார். வாசல்ல கொஞ்சம் நெருக்கமா."

டீக்கடையில் கண்ணாடி கிளாஸ் கழுவும் சத்தம் நின்றது. சண்முகராஜின் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. அதற்குப் பின்னால் இருந்த ஆளை மட்டும் காணவில்லை.

"எருக்கா?" என்றார். "தோட்டத்துலயா?"

"ஆமா சார்."

மூக்கம்மாள் ஹேமாவதியின் முழங்கையைப் பிடித்தாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனாலும் அருவி பஸ்ஸின் பின் சீட்டுக்குக் கேட்டது. "ஒருத்தன் குடி வெளங்கக் கூடாதுன்னா மண்ண வாரித் தூத்தி, 'ஒன் எடத்துல எருக்கு மொளைக்க'ன்னு சாபம் விடுவாக. அது பலிக்க ஒரு தலமொறை ஆகும். இந்தாளு நாத்துப் புடுங்கிக் கொண்டுபோய்த் தானே நடப் போறாரா ஆத்தா?"

அந்தக் காலத்தில் பகைவன் கோட்டையை இடித்து, கழுதையைப் பூட்டி உழுது, எருக்கு விதைத்த ராஜாக்கள் உண்டு என்பார்கள். அதற்குப் படை வேண்டும், கழுதை வேண்டும். ஹேமாவதி எத்தனையோ ராத்திரி எத்தனையோ விதமாக அந்த ஆளைச் சபித்திருக்கிறாள். இந்தச் சாபத்துக்கு மட்டும் அவளுக்கே நாக்கு எழுந்ததில்லை. பிள்ளை அதைப் பாடமாகச் சொல்லிவிட்டு, பதிலுக்காகப் பென்சிலோடு நிற்கிறது.

அவள் பேசினாள். குரல் தேன் மாதிரி இருந்தது. "டீச்சர் சொன்னா கேப்பேன்னு சொன்னீகளே சார். படம் எடுக்கிற தம்பி, அது பதிவாயிருக்குல்ல?"

"இருக்குங்கா" என்றான் செல்போன்காரன்.

சண்முகராஜ் கூட்டத்தைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். மூன்று வாரத்தில் வரப்போகிற அதிகாரியையும் மனசுக்குள் பார்த்திருப்பார். மண்வெட்டி கொண்டுவரச் சொல்லிச் சின்னச்சாமியை அனுப்பினார். சின்னச்சாமி மண்வெட்டியைக் கொண்டுவந்து கீழே வைத்துவிட்டு, "அய்யா, எனக்குப் பிள்ளகுட்டி இருக்கு" என்று விலகி நின்றுகொண்டார். அதனால் நாற்றுப் பிடுங்கியதும் அவர்தான், குழி தோண்டியதும் அவர்தான், நட்டதும் அவர்தான். கூட்டம் பஸ் ஸ்டாப்பிலிருந்து தோட்டம் வரைக்கும் பின்னாலேயே வந்தது. இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. இரண்டு கிழவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள், எழவு வீட்டில் நிற்பது போல.

முதல் வரிசை முடியும்போது மணி ஒன்று. வேட்டி முழுக்க எருக்கம்பால். சண்முகராஜ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, வாடித் தொங்கிய நாற்றுகளைப் பார்த்தார். அவர் குரலில் முதல்முறையாக ஒரு நம்பிக்கை எட்டிப் பார்த்தது.

"இது பிழைக்குமா பாப்பா?"

வேல்விழி குனிந்து ஒரு தண்டை அசைத்துப் பார்த்தாள். தெரிந்ததை மறைக்காமல் சொல்வதுதான் அவளுக்குப் பழக்கம்.

"எருக்கு எங்கன வெச்சாலும் பிழைக்கும் சார். ஒருதடவ வேர் புடிச்சிருச்சுன்னா, அப்புறம் புடுங்கத்தான் முடியாது."

ஹேமாவதி குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்கு நடந்தாள். இரண்டாவது வரிசைக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது.